தொலைபேசி முன்னோடிகள்: ஒரு நெடுஞ்சேவைச் சங்கத்தின் வரலாறு

1911ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரண்டாந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே ஒரு கூட்டம் கூடிற்று. அக்கூட்டத்திலே அரசியல் பேசப்படவில்லை; சமயப் பிரசாரமும் நிகழவில்லை. தொலைபேசித் தொழிலிலே இளமையிற் புகுந்து, அத்தொழிலோடு தாமும் வளர்ந்து, தலை நரைத்த மாந்தர் ஒருவரையொருவர் கண்டு பழங்கதை பேசுதற்கென்றே கூடிய கூட்டம் அது. அன்று நிறுவப்பட்ட சங்கத்திற்கு அமெரிக்கத் தொலைபேசி முன்னோடிகள் சங்கம் என்று பெயரிட்டனர். தொடக்கத்திலே பெயர் பதிந்த அங்கத்தவர் 734 பேர். முதலாம் இலக்க அங்கத்துவ அட்டை அலெக்சாந்தர் கிரகாம் பெல் அவர்களுக்கு உரியதாயிற்று. தொலைபேசியைக் கண்ட அப்பெரியார் நேரில் வந்து அச்சபையிலே உரையும் நிகழ்த்தினார்.

பெருங் கொம்பனிகளிலே நெடுங்காலம் உழைத்தோருக்கெனச் சங்கங்கள் தோன்றியமை இருபதாம் நூற்றாண்டின் ஒரு புதுமை. அதற்கு முன்னர், எசமானிடம் ஆண்டுகள் பல உழைத்த பணியாளனுக்குக் கிடைத்த பேறு எசமானின் குணத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. நல்லவனாயின் முதுமையிற் சோறு கிடைக்கும். அல்லனாயின் வாயிற்கதவு அடைபடும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நிறுவனத்தின் கீழ் ஊழியஞ் செய்யும் காலம் பிறந்தபோது, எசமான் என்பவன் கண்ணுக்குப் புலப்படாத ஒருவனாய் மறைந்துபோனான். அவ்வெற்றிடத்தை நிரப்புதற்கு எழுந்த ஏற்பாடுகளுள் ஒன்றே நெடுஞ்சேவையாளர் சங்கம். ஐ.பி.எம். என்னும் இயந்திரக் கொம்பனி தனது கால் நூற்றாண்டுச் சங்கத்தை 1924இலே தொடங்கிற்று. அதனைத் தொடங்கியவரின் பெயரும் வாட்சன் என்பதே. ஆயின் அவர் தொமஸ் ஜே. வாட்சன். இக்கட்டுரையிலே பின்னர் வரப்போகும் தொமஸ் ஏ. வாட்சன் வேறொருவர். தொலைபேசியாளர் சங்கமோ இதற்கும் பதின்மூன்று ஆண்டுகள் மூத்தது.

சங்கம் பிறந்த சூழ்நிலையை அறிதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். பெல் தமது கண்டுபிடிப்புக்குரிய காப்புரிமையைப் பெற்றது 1876ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆந் திகதி. மூன்று நாள் கழித்து, பொஸ்டனிலே ஒரு வீட்டின் மேல்மாடியில், அடுத்த அறையிலிருந்த உதவியாளர் வாட்சனை அவர் கருவியின் மூலம் அழைத்ததும், வாட்சன் சொற்களைத் தெளிவாகக் கேட்டு ஓடிவந்ததும் பள்ளிப்பிள்ளைகளும் அறிந்த கதை. 1878ஆம் ஆண்டு சனவரியிலே கொனெற்றிக்கற் மாகாணத்து நியூ ஹேவன் நகரில் வர்த்தக முறையிலமைந்த முதலாவது தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. அந்நாளிலே இத்தொழிலைக் கற்பிப்பதற்குப் பாடசாலை இல்லை, பாடநூலும் இல்லை. கம்பம் நாட்டியவர், கம்பி இழுத்தவர், மின்கலத்துக்கு அமிலம் வார்த்தவர், இணைப்புப் பலகையின் முன் அமர்ந்தவர் ஆகிய அனைவரும் செய்து செய்தே கற்றனர். எனவே முன்னோடி என்னும் பெயர் அவர்களுக்கு வெறும் உபசாரமன்று.

அவர்களுள் தொமஸ் டூலிற்றில் என்பவரை இங்கு விதந்து கூறல் தகும். சங்கத்தைத் தோற்றுவித்த மூவருள் அவரும் ஒருவர். ஏனைய இருவர் ஹென்றி போப், சாள்ஸ் துரூவெக்ஸ் ஆகியோர். தொடக்கத்திலே தொலைபேசிக்கு உபயோகமான கம்பி, தந்திச் சேவையிலிருந்து இரவல் வாங்கிய இரும்புக் கம்பி. அது துருப்பிடிக்கும், மின்னோட்டத்தை மிகுதியும் தடுக்கும், சிறிது தூரத்திலேயே குரல் தேய்ந்து மறையும். செம்பு மின்னோட்டத்தை இரும்பினும் பன்மடங்கு நன்றாகக் கடத்தும் என்பதை எல்லோரும் அறிவர். ஆயின் மென்மையான செம்புக் கம்பி கம்பத்துக்குக் கம்பம் தொங்கும்போது தன் பாரத்தாலேயே நீண்டு தளர்ந்துவிடும். செம்பினைச் சூடேற்றி இளக்காது, குளிர்ந்த நிலையிலேயே அச்சுத் துளைகளினூடு மீண்டும் மீண்டும் இழுத்தால் அது இறுகி வலிமை பெறும் என்பதைச் செய்து காட்டியவர் டூலிற்றில். 1884இலே நியூயோர்க்குக்கும் பொஸ்டனுக்குமிடையே மனிதர் உரையாடுதல் கைகூடியது இத்தகைய கம்பியினாலேயே. பெல்லின் பெயரை உலகம் அறியும். அவர் கண்ட கருவிக்குத் தூரத்தைத் தந்த இவரது பெயரை அறிந்தார் சிலரே. இத்தகையோர் ஒன்றுகூடித் தம்மைத் தாமே நினைவுகூர விரும்பியதில் வியப்பொன்றுமில்லை.

எனினும் நட்பும் பழநினைவும் மாத்திரமே இச்சங்கத்தைத் தோற்றுவித்தன என்று எண்ணிவிடலாகாது. பெல்லின் மூலக் காப்புரிமைகள் 1893, 1894ஆம் ஆண்டுகளிலே காலாவதியாயின. உடனே நாடெங்கும் சுதந்திரத் தொலைபேசிக் கொம்பனிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. சிற்றூர்க் கமக்காரர் தாமே கம்பி கட்டிச் சேவை நடத்திய இடங்களும் உண்டு. 1907ஆம் ஆண்டளவிலே அமெரிக்காவிலிருந்த தொலைபேசிகளுள் ஏறத்தாழச் சரிபாதி பெல் குழுமத்துக்குப் புறம்பான கொம்பனிகளின் கையில் இருந்தது. அவ்வாண்டிலேதான் தியோடர் வெயில் என்பவர் பெல் குழுமத்தின் தலைமைக் கொம்பனியான அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கொம்பனிக்குத் தலைவராக மீண்டும் வந்தார். நாடு முழுவதற்கும் ஒரே கொள்கை, ஒரே அமைப்பு, அனைவர்க்கும் சேவை என்னும் கோட்பாட்டை அவர் 1908 தொடக்கம் விளம்பரங்கள் மூலம் பரப்பலானார். 1909இலே வெஸ்டேர்ண் யூனியன் என்னும் பெருந் தந்திக் கொம்பனியின் ஆதிக்கமும் பெல் குழுமத்தின் கைக்கு வந்தது. ஏகபோகம் என்ற பழிச்சொல் எங்கும் எழுந்தது. அரசாங்கமும் கண் விழித்தது.

இந்நிலையிலே தொலைபேசி முன்னோடிகள் சங்கத்தின் முதற் தலைவராக அமர்ந்தவர் வேறு யாருமல்லர். அதே தியோடர் வெயில் அவர்களே. போட்டிக் கொம்பனிகளிடம் கம்பியும் கருவியும் மூலதனமும் இருக்கலாம். பெல்லும் வாட்சனும் இரா. வமிசாவளி உடையது எவ்வீடு என்பதைப் பொதுசனங்களுக்குப் புலப்படுத்துவதற்கு இத்தகைய சங்கத்தினும் சிறந்த சாதனம் அரிது. ஆகவே முதியோரின் மகிழ்ச்சியும் கொம்பனியின் தேவையும் ஒரே மேடையில் கைகோத்து நின்றன எனல் பொருந்தும். ஒன்று மற்றையதைப் பொய்யாக்கிவிடவில்லை.

சங்கத்தின் அங்கத்துவத்துக்கு வைக்கப்பட்ட அளவுகோல் 21 ஆண்டுகள். இதிலே ஒரு சுவையான முரண் உண்டு. ஒரே நிறுவனத்தில் இடையறாது உழைத்தல் என்பதே நெடுஞ்சேவையின் பொருளாயின், சங்கத்தின் பெருந்தூண்கள் பலரும் அதற்கு வெளியே நிற்க நேரும். பெல் அவர்கள் சில ஆண்டுகளிலேயே தொலைபேசி வியாபாரத்தை விட்டு விலகிச் செவிப்புலனற்றோர் கல்வியிலும் ஏனைய ஆராய்ச்சிகளிலும் ஈடுபட்டார். வாட்சன் 1881இலே விலகிக் கமஞ் செய்தார், கப்பல் கட்டினார், சேக்சுபியரின் நாடகங்களில் நடிக்கவுஞ் செய்தார். வெயில் அவர்களும் 1887இலே விலகி, ஆர்ஜென்ரீனா நாட்டிலே டிராம் வண்டித் தொழிலும் மின்சாரத் தொழிலும் நடத்திவிட்டு, இருபது ஆண்டுகளின் பின்னர் மீண்டவர். நெடுஞ்சேவைக்கு இலக்கணமாகத் திகழ்ந்தவர்கள் மேடையிலிருந்தோரல்லர். கீழே ஆசனங்களில் அமர்ந்திருந்தோரே.

சங்கத்தின் ஆண்டு மாநாடுகள் பழம் நண்பரின் விருந்துகளாக நடந்தன. அவற்றுள் 1913ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சிக்காகோவிற் கூடிய மூன்றாவது மாநாடு வரலாற்றாசிரியருக்குப் பெரும்பயன் தந்தது. அம்மாநாட்டிலே வாட்சன், தொலைபேசியின் பிறப்பும் மழலைப் பருவமும் என்னும் பொருள்பற்றி உரையாற்றினார். பட்டறையிலே தாம் செய்த கருவிகள், பெல்லுடன் கழித்த இரவுகள், ஊர் ஊராகச் சென்று நிகழ்த்திய செயல்விளக்கங்கள், அவற்றிலே தாம் தொலைவிலிருந்து பாட்டுப் பாடிக் கேட்போரை மகிழ்வித்தமை ஆகியவற்றை நகைச்சுவை ததும்ப எடுத்துரைத்தார். கொம்பனி அவ்வுரையைச் சிறு நூலாக அச்சிட்டுப் பல்லாண்டு காலம் வழங்கி வந்தது. தொலைபேசியின் தோற்றம்பற்றி நேரிற் கண்டவர் வாக்கு என்ற வகையிலே அது இன்றும் மதிக்கப்படுகின்றது. முதியோர் கூடிப் பேசுதல் வீண்பொழுது என்று கருதுவோர் இவ்வொரு நூலையேனும் நோக்குதல் வேண்டும். அக்கூட்டம் இல்லையேல் அவ்வுரை எழுந்திருக்குமோ என்பது ஐயமே.

அதே 1913ஆம் ஆண்டின் முதல் நாளிலே வேறொரு காரியமும் நடைமுறைக்கு வந்தது. பெல் குழுமத்து ஊழியருக்கு இளைப்பாற்றுச் சம்பளம், நோயுதவி, விபத்துதவி ஆகியவற்றை வழங்கும் திட்டம் அது. இதற்கென ஊழியரின் சம்பளத்திலிருந்து காசு பிடிக்கப்படவில்லை. ஆடவருக்கு அறுபது வயதும் பெண்டிருக்கு ஐம்பத்தைந்து வயதும் இருபதாண்டுச் சேவையும் நிறைந்தால் இளைப்பாறலாம் என விதிக்கப்பட்டது. சங்கத்து அட்டையையும் இத்திட்டத்தையும் ஒருசேர நோக்கினால் வெயிலின் மனப்போக்கு விளங்கும். நிலைத்து நிற்கும் ஊழியனே நிறுவனத்தின் செல்வம் என்பது அவர் கொண்ட துணிபு. அட்டை அவனுக்குக் கௌரவம் தந்தது. திட்டம் அவனுக்குச் சோறு தந்தது. இவ்விரண்டுள் எது பெரிது என்பதை முதுமையிற் தனித்திருந்த எந்த ஊழியனும் தயங்காது சொல்வான்.

இங்கே பெண்டிரைப்பற்றிக் கூறாது செல்லுதல் நேர்மையாகாது. முதன்முதலில் இணைப்புப் பலகையில் அமர்த்தப்பட்டவர்கள் தந்திக் கந்தோர்ச் சிறுவர்கள். அவர்கள் ஒருவரோடொருவர் சண்டையிட்டனர், சந்தாதாரரை ஏசினர், குறும்பு செய்தனர். அவர்களுக்கு மாற்றாக 1878ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி பொஸ்டனிலே எம்மா நற் என்னும் நங்கை நியமனம் பெற்றார். உலகின் முதற் பெண் தொலைபேசி இயக்குநர் அவரே. அவரது இன்குரலும் பொறுமையும் சந்தாதாரரைக் கவரவே, சில ஆண்டுகளில் அத்தொழில் பெண்டிர் தொழிலாயிற்று. அவர் முப்பதாண்டுகளுக்கு மேலாக அப்பணியிலே நிலைத்திருந்தார். ஆயின் அவரைப் போன்றோர் மிகச் சிலர். நெடுங்காலம் வரை, விவாகஞ் செய்துகொண்ட பெண் வேலையை விடுதல் வேண்டுமென்பது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. உயர்ந்த முக்காலிகளில் வரிசையாக அமர்ந்து, செவியிற் கருவி மாட்டி, மேற்பார்வையாளர் பின்னே உலாவ, மணிக்கணக்காகக் கம்பி செருகும் வேலையிலே இளம் பெண்கள் சில ஆண்டுகளிற் களைத்து விலகினர். இருபத்தொரு ஆண்டு என்னும் வாயிலை அவர்களுட் பெரும்பாலோர் எட்டியும் பார்த்திலர். உழைத்தோருட் பெருந்தொகையினர் பெண்களாயிருந்தும், முன்னோடி என்னும் பட்டத்தைச் சூடிக்கொள்ளும் வாய்ப்பு ஆடவர்க்கே எளிதாயிற்று. கறுப்பின மக்களுக்கோ இணைப்புப் பலகையின் முன் அமரும் உரிமையே 1940களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான இடங்களில் மறுக்கப்பட்டிருந்தது. புகாதவர் நெடுஞ்சேவையாளர் ஆவதெங்ஙனம்?

இப்பெண்டிர் வாய் மூடியிருக்கவில்லை. முதலாம் உலக யுத்தத்தின்போது தொலைபேசிச் சேவையை அமெரிக்க அரசாங்கம் தன் ஆணைக்குள் எடுத்திருந்தது. 1919ஆம் ஆண்டு ஏப்பிரிலிலே நியூ இங்கிலாந்துப் பகுதியின் இயக்குநர்கள், யூலியா ஓ'கொனர் என்னும் பெண்மணியின் தலைமையில் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஆறு நாளிலே சம்பள உயர்வும் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமையும் பெற்றனர். அதன் பின்னர் பெல் கொம்பனிகள் தம் அனுசரணையுடன் கூடிய ஊழியர் சங்கங்களை ஊக்குவித்தன. 1935ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் அத்தகைய வளர்ப்புச் சங்கங்களைத் தடை செய்யும் வரை அவை நிலவின. 1947 ஏப்பிரிலிலே ஏறத்தாழ மூன்றரை லட்சம் தொலைபேசி ஊழியர் நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முன்னோடிகள் சங்கம் தொழிற்சங்கமன்று; சம்பளத்தைப்பற்றிப் பேசுதற்கு அது ஒருபோதும் முற்பட்டதில்லை. அதனாலேயே முதலாளியின் கைப்பொம்மை என்று அதனை இகழ்ந்தோரும் உண்டு. அவ்விகழ்ச்சி முற்றும் தகுவதன்று. விருந்தும் பதக்கமும் ஊதியத்துக்கு ஈடாகா என்பது உண்மையே. ஆயின் ஊதியம் உயர்ந்தவிடத்தும், கூட உழைத்தவரைக் காண வேண்டும் என்னும் ஆசை மனிதனை விட்டு நீங்குவதில்லை.

1922ஆம் ஆண்டு ஓகஸ்டு 2ஆந் திகதி பெல் காலமானார். இரண்டு நாள் கழித்து அவரது உடல் அடக்கஞ் செய்யப்பட்ட வேளையிலே வட அமெரிக்காவின் தொலைபேசிகள் யாவும் ஒரு நிமிட நேரம் மௌனமாயின. முதல் தலைமுறை இவ்வாறு மறையத் தொடங்கவே சங்கத்தின் இயல்பும் மாறிற்று. ஆதியிலே முன்னோடி என்றால் தொலைபேசியின் இளமைக் காலத்தைக் கண்டவர் என்பது பொருள். ஆண்டுகள் உருண்டோட, 21 ஆண்டு நிறைந்த எவரும் முன்னோடி ஆயினர். பிற்காலத்தில் அவ்வெல்லையும் தளர்த்தப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் கிளைகள் பெருகின. தேநீர் விருந்தும் உல்லாசப் பயணமும் முதியோர் நலம் விசாரித்தலுமே நெடுங்காலம் கிளைகளின் வேலையாயிருந்தன.

திருப்பம் 1958இலே வந்தது. நட்பு, விசுவாசம் ஆகியவற்றோடு சமூக சேவையையும் தன் முறையான நோக்கங்களுள் ஒன்றாகச் சங்கம் அவ்வாண்டிலே ஏற்றுக்கொண்டது. இளைப்பாறிய தொலைபேசித் தொழிலாளரிடம் எவை உண்டு? காலம் உண்டு, தோழர் உண்டு, அனைத்திலும் மேலாக, மின்கருவிகளைத் திருத்தப் பழகிய கைகள் உண்டு. இக்கைகளுக்கு ஏற்ற வேலையொன்று விரைவிலேயே வாய்த்தது. வொஷிங்டனிலுள்ள காங்கிரசு நூலகம் 1930களின் நடுப்பகுதியிலிருந்து பார்வையற்றோருக்காகப் பேசும் நூல்களை வழங்கி வருகிறது. இசைத்தட்டுகளிலே முழு நூல்களும் வாசித்துப் பதியப்பட்டன. அவற்றைக் கேட்பதற்கான கருவிகளும் இலவசமாக அனுப்பப்பட்டன. ஆயிரக்கணக்கான வீடுகளிலே இரவு பகலாக ஓடிய அக்கருவிகள் பழுதாயின. திருத்துவார் இன்மையால் மூலையிற் கிடந்தன. ஒரு கருவி கெட்டுக் கிடக்கும் காலமெல்லாம் ஒரு மனிதனுக்கு நூல் இல்லை. 1960 முதல் முன்னோடிகள் இவ்வேலையை மேற்கொண்டனர். கம்பம் ஏறியவரும் தொலைபேசி நிலையத்திற் பழுது பார்த்தவரும் பற்றாசு வைக்கும் கோலை மீண்டும் கையில் எடுத்தனர். தேய்ந்த ஊசியை மாற்றினர். அறுந்த இணைப்பை ஒட்டினர். ஓடிப் பார்த்து உரியவருக்கு அனுப்பினர். கூலி எதுவுமில்லை. பெல் அவர்கள் தம் வாழ்நாளிலே செவிப்புலனற்றோருக்கு ஆற்றிய தொண்டையும், அவர் பெயரால் எழுந்த சங்கம் விழிப்புலனற்றோருக்கு ஆற்றிய தொண்டையும் ஒருங்கே நினைவோர்க்கு இது ஒரு பொருத்தமான உறவாகத் தோன்றும்.

இதே வழியிலே பிறந்தது ஒலிக்கும் பந்து. 1964இலே மவுண்டன் பெல் கொம்பனியின் பொறியியலாளரான சார்லி பெயர்பாங்ஸ், மென்பந்து ஒன்றினுள்ளே விட்டு விட்டு ஒலிக்கும் சிறு கருவியொன்றைப் பொருத்தினார். பந்து உருண்டு செல்லும் திசையைப் பார்வையற்ற பிள்ளைகள் காதினால் அறிந்து ஓடிப் பிடித்தனர். முன்னோடிகளின் கிளைகள் இப்பந்துகளைத் தம் கையாற் செய்து வழங்கின. அடியும் ஓட்டமுமாய் அது முறையான விளையாட்டாக வளர்ந்து, 1976இலே அதற்கென ஒரு தேசிய சங்கமும் அமைந்தது. பாடசாலை முற்றங்களிலே நாட்டின் படத்தைப் பெரிதாக வர்ணந் தீட்டிப் பிள்ளைகள் மாகாணத்துக்கு மாகாணம் தாவிப் பூமிசாத்திரம் பயிலச் செய்தமையும் இச்சங்கத்தினர் கைவேலையே. 1980களிலே அங்கத்தவர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அப்போதுதான் தாய்க் கொம்பனியே உடைந்தது. ஏகபோகத்துக்கு எதிராக அரசாங்கம் தொடுத்த வழக்கின் முடிவாக, 1984ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பெல் குழுமம் பிரிக்கப்பட்டது. உள்ளூர்ச் சேவைகள் ஏழு பிரதேசக் கொம்பனிகளாயின. முதல் நாள் வரை ஒரே குடும்பத்தவராயிருந்தோர் மறுநாள் வெவ்வேறு கொம்பனிகளின் ஊழியராயினர். சிலர் ஒருவருக்கொருவர் போட்டியாளராயினர். நெடுஞ்சேவை என்ற சொல்லின் பொருளே ஆட்டங் கண்டது. எந்தக் கொம்பனிக்குச் செய்த சேவை? பெயர் மாறிய கொம்பனியிலா, விற்கப்பட்ட கொம்பனியிலா, மூடப்பட்ட கொம்பனியிலா? 1911இலே எந்த நிறுவனத்தின் பெருமையை நிலைநாட்டுதற்குச் சங்கம் உதவிற்றோ, அந்நிறுவனம் பிளவுண்ட பின்னும் சங்கம் பிளவுபடாது நின்றது. புதிய கொம்பனிகள் பல அதற்கு ஆதரவாளராயின; பழைய அங்கத்தவர் கிளைகளை விட்டகலவில்லை. காலப்போக்கிலே தொலைபேசி என்னும் சொல்லும் பெயரிலிருந்து உதிர்ந்து, முன்னோடிகள் என்பது மாத்திரம் எஞ்சிற்று.

தானியங்கி நிலையங்கள் வந்து இணைப்புப் பலகைகள் மறைந்தன. செம்புக் கம்பியின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்தது. பேசும் நூல்களும் இசைத்தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கு மாறி, 2009ஆம் ஆண்டு தொடக்கம் எண்முறைக் கருவிகளிற் கேட்கப்படலாயின. புதிய கருவி ஒவ்வொன்று வந்தபோதும் முதியவர்கள் அதன் மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பது யாதென்று புதிதாகக் கற்றுக்கொண்டனர்.